கொளுத்தாத வைக்கோல்

தம்பலகாமத்து வயல்வெளியில் அறுவடை முடிந்ததும் முதலில் எழும்பும் புகை யாருடையது என்று எவரும் கேட்பதில்லை. அது சுலோஜனாவுடையது. வெட்டு மெஷின் வரம்பு ஏறிய கையோடு அவள் நெருப்புப்பெட்டியுடன் வயலுக்குள் இறங்கிவிடுவாள். மற்றவர்கள் மாட்டுக்கென்று கொஞ்சம் வைக்கோலைக் கட்டி வைத்த பிறகுதான் கொளுத்துவார்கள். அவள் ஒரு பிடி கூட எடுத்து வைப்பதில்லை. மாடுகளை விற்று வெகுகாலமாகிவிட்டது.

காரணம் ஊருக்குத் தெரியும். மகள் தர்சிகா கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு நாள் காலை சுலோஜனா மாட்டுக்கு வைக்கோல் அள்ளப் போனாள். குவியலுக்குள் இரண்டு கைகளையும் கொடுத்துத் தூக்கிய நேரம் இடது கணுக்காலில் முள் ஏறியது போலிருந்தது. அதற்குப் பிறகுதான் சீறல் கேட்டது. சைக்கிள் ரியூப்பிலிருந்து காற்றுப் போகிற மாதிரி, ஆனால் நிற்காமல், நீளமாக. முதுகில் வரிசையாக வட்டங்கள் கொண்ட கண்ணாடிப் புடையன் பாம்பு. கணவன் குலசிங்கம் அவளைப் பக்கத்து வீட்டாரின் மோட்டார் சைக்கிளில் நடுவில் இருத்திப் பிடித்துக்கொண்டு திருகோணமலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான். போய்ச் சேர முன்னரே பல் முரசில் இரத்தம் கசியத் தொடங்கியிருந்தது. பிறகு சிறுநீர் நின்றது. வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, இயந்திரத்தில் இரத்தம் கழுவி, ஒருவாறு உயிரோடு வீட்டுக்கு விட்டார்கள். திரும்பி வந்தபோது அவளிடம் பால் வற்றியிருந்தது. குழந்தை அவளை மறந்திருந்தது.

உயிர் மிஞ்சியது. பயமும் கூடவே மிஞ்சியது. அலுமாரிக்குள் கை விட முன் கதவைத் தட்டுவாள். குசினியில் விறகு எடுக்க முன் காலால் உதைத்துப் பார்ப்பாள். பாயை முற்றத்தில் உதறாமல் ஒரு நாளும் விரித்ததில்லை. யாராவது பக்கத்தில் நின்று பிரஷர் குக்கரின் ஆவியை விட்டால் கணுக்காலில் பழைய இடம் விண்ணென்று தெறிக்கும். ஆனாலும் வயலை விட ஏலாது. குலசிங்கம் சீனன்குடாவில் ஒரு களஞ்சியத்தில் மூட்டை ஏற்றும் வேலை செய்தான். காலையில் போனால் பொழுதுபடத்தான் வருவான். வயல் அவள் தலையில்தான். அதனால் கொளுத்தினாள். ஒருமுறை சாம்பலுக்குள் கருகிச் சுருண்டு கிடந்த ஒன்றைத் தடியால் புரட்டிப் பார்த்தபோது அவளுக்கு வந்த நிம்மதி, கோயிலில் கும்பிட்டு எழும்பும்போது கூட வந்ததில்லை.

ஆனால் நிலம் மாறிக்கொண்டு வந்தது. உழவு மெஷின்காரன் கலப்பை தேயுது என்று முறைப்பட்டான். தண்ணீர் விட்டால் உள்ளே இறங்காமல் மேலால் ஓடியது. இரண்டு நாள் வெயில் எறித்தால் வெடித்தது. ஒவ்வொரு போகமும் பசளை கூடப் போட வேண்டியிருந்தது. பிறகு நாட்டிலேயே பசளை இல்லாமல் போன காலம் வந்தது. அந்தப் போகம் அவளுடைய வேளாண்மைப் பயிர் முழங்கால் உயரத்துக்கு மேல் எழும்பவில்லை. மஞ்சளாய் நின்று, பதராய்ப் போனது. ஒரு வரம்புக்கு அப்பால், கிண்ணியாவிலிருந்து வந்து வயல் செய்யும் ஸஹாப்தீனின் பயிர் ஓரளவு பச்சையாக நின்றது. கிண்ணியாவில் அவருக்கு ஒரு கடை இருந்தது. அறுவடை முடிந்ததும் கடையைப் பார்க்க ஓடிவிடுவார். நெருப்பு வைக்க நேரமில்லாமல் நாலைந்து வருடமாக வைக்கோலை அப்படியே கிடக்க விட்டு உழுதவர்.

"அவர்ர காணி பள்ளம். ஈரம் தங்கும்," என்று சுலோஜனா வீட்டில் சொன்னாள்.  இரண்டு காணியும் ஒரே மட்டம் என்பது குலசிங்கத்துக்குத் தெரியும்.

அதற்குப் பிறகும் அவள் கொளுத்துவதை நிறுத்தவில்லை. நிறுத்த வைத்தது வேறொரு காரியம்.

அது சிறுபோக அறுவடை முடிந்த ஆவணி மாதம். அன்று காற்று எழும்பவே இல்லை. அவள் வைத்த நெருப்பின் புகை மேலே போகாமல் வயலின் மேல் கிடந்து, மெல்ல ஊர்ந்து வீடுகளுக்குள் வந்தது. தர்சிகாவுக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சு முட்டு இருந்தது. ஆனால் பள்ளிக்கூடம் முடிக்கிற வயதுக்கு வந்த பிறகு குறைந்திருந்தது. சுலோஜனா கால் கழுவிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தபோது பிள்ளை கதிரையின் விளிம்பில் இருந்து இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, வாயால் காற்றை இழுத்துக்கொண்டிருந்தாள். கதைக்க முடியவில்லை. உதடு நீலம் பாய்ந்திருந்தது. நெஞ்சிலிருந்து வந்த சத்தம் நீளமாக, நிற்காமல் வந்தது. சுலோஜனாவுக்கு ஒரு கணம் அது எந்தச் சத்தம் என்று பிரித்து அறியத் தெரியவில்லை. வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அன்று வேலையில்லாமல் வீட்டில் நின்ற குலசிங்கம்தான் ஓட்டோவைக் கூட்டி வந்தான். ஆஸ்பத்திரியில் முகத்தில் மாஸ்க்கை வைத்து மருந்தை ஆவியாக்கிக் கொடுத்தார்கள். நெடுநேரம் கழித்துப் பிள்ளையின் தோள் இறங்கியது. டொக்டர் வந்து கேட்டார்.

"வீட்டுப் பக்கம் புகை ஏதும்?"

"வயல் கொளுத்தினது, டொக்டர்," என்றான் குலசிங்கம்.

"ஆர்ர வயல்?"

குலசிங்கம் மனைவியைப் பார்க்காமலே சொன்னான். "எங்கட."

ஓட்டோவில் திரும்பி வந்தார்கள். வழியெல்லாம் மற்ற வயல்களிலும் புகை கிளம்பியிருந்தது. தர்சிகா தாயின் தோளில் சாய்ந்து உறங்கினாள். சுலோஜனா மகளின் மூக்கைத் தன் சேலைத் தலைப்பால் மூடிப் பிடித்துக்கொண்டே வந்தாள். இனி நெருப்பு வைப்பதில்லை என்று அப்போது முடிவெடுத்தாள். முடிவெடுத்த அந்தக் கணத்திலேயே வைக்கோல் பரந்து கிடக்கும் வயல் கண்ணுக்குள் வந்தது. 

விவசாய அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருந்த றிஷானா மிஸ்ஸுக்கு அப்படி ஒருவர் வேண்டியிருந்தது. கொளுத்தாமல், தண்ணீரைக் கட்டி வைக்காமல் வயல் செய்ய ஒரு காணி தேடிக்கொண்டிருந்தாள். சுலோஜனா இனிக் கொளுத்தப் போவதில்லை என்று கேள்விப்பட்ட ஸஹாப்தீன்தான் அவளுடைய பெயரைச் சொல்லி அனுப்பியவர். றிஷானா சுலோஜனாவின் வீட்டுக்கு வந்து, கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தபடி விளக்கினாள்.

"வைக்கோல எரிச்சா பயிர் நிலத்திலிருந்து எடுத்த சத்தெல்லாம் புகையாப் போகும் அக்கா. மண்ணுக்கு ஒண்டும் மிஞ்சாது. அதோட மேல் மண்ணில இருக்கிற புழு பூச்சி, கண்ணுக்குத் தெரியாத உயிரெல்லாம் வெந்திடும். மண்ணுக்க மடிச்சு உழுதா அதுவே பசளை."

"சரி மிஸ். பிறகு வழமை மாதிரித் தண்ணி கட்டலாம்தானே?"

"அதுதான் கூடாது. வைக்கோல் தண்ணிக்கு அடியில காத்தில்லாம அழுகினா அதிலயிருந்து ஒரு வாயு வரும். அது மேல போய் வெக்கையப் பிடிச்சு வெச்சிரும். எரிக்கிறத நிப்பாட்டிட்டுத் தண்ணிக்க அழுக விட்டா ஒரு பக்கத்தால மூடி மறுபக்கத்தால திறந்த கணக்குத்தான். அதால தண்ணிய விட்டு, வத்த விட்டு, பிறகு விடணும். மண் மூச்சு விடணும்."



"தண்ணி இல்லாட்டி வயலுக்க பாம்பு வரும், மிஸ். வைக்கோல் கிடந்தா எலி வரும். எலிக்குப் பாம்பு வரும். தண்ணி நிண்டாத்தான் நான் பயமில்லாம இறங்குவன்."

றிஷானா சிரித்தாள். கெட்ட எண்ணத்தோடு அல்ல. அவளுக்கு வயது குறைவு. "பாம்புக்குத்தான் அக்கா நம்மளக் கண்டா பயம்."

சுலோஜனா சிரிக்கவில்லை. ஆனால் சம்மதித்தாள்.

அடுத்த பெரும்போகம் வெட்டி முடிந்த பங்குனியில் அவளுடைய வயலில் முதல் முறையாக வைக்கோல் எரியாமல் கிடந்தது. மெஷின் வரிசையாகக் கொட்டிவிட்டுப் போனதைப் பரப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் கலப்பையில் சுற்றும். குலசிங்கம் ஒரு நாள் லீவு எடுத்து நீளமான தடியில் கொழுக்கி கட்டிக் கொடுத்தான். இரண்டு பேருமாகப் பரப்பினார்கள். அவள் முழங்கால் வரைக்கும் இறப்பர் பூட்ஸ் போட்டு, ஒவ்வொரு குவியலையும் தூர நின்று இழுத்தாள். எலிகள் ஓடின. ஒவ்வொரு எலிக்கும் அவள் பின்னால் துள்ளினாள். வேறு ஒன்றும் வரவில்லை. அது அவளுக்கு ஆறுதலாக இல்லை. வராதது எங்கேயோ இருக்கிறது என்றுதான் நினைத்தாள்.

உழுது, வைக்கோல் புழுதிக்குள் சில கிழமை உக்கிய பிறகு கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் வந்தது. விதைத்தார்கள். பயிர் வழமையை விட நன்றாகவே முளைத்தது. றிஷானா வந்து வயலின் நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் குழாய் ஒன்றைச் சேற்றில் புதைத்தாள். அதற்குள் எட்டிப் பார்த்தால் மண்ணுக்குக் கீழே தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தெரியும். ஒரு சாண் அளவு இறங்கும்வரை காத்திருந்து பிறகு வக்கடையைத் திறந்து, வரம்பின் அந்த வாயால் தண்ணீர் விட வேண்டும். அதற்காக நாளாந்தம் குழாயடிக்குப் போக வேண்டியிருந்தது.

முன்னெல்லாம் பயிர் வளரும் காலத்தில் அவள் வரம்பில் நின்றே வயலைப் பார்த்துவிட்டு வருவாள். இப்போது இடுப்பளவு பயிருக்குள் நடுவயல் வரைக்கும் நடக்க வேண்டியிருந்தது. கீழே தண்ணீர் இல்லை. கால் வைக்கும் இடம் தெரியவில்லை. தகரப் பேணி ஒன்றைத் தடியில் கட்டித் தட்டிக்கொண்டே போவாள். போகும்போது மகளின் பெயரை வாய்க்குள் சொல்லிக்கொள்வாள். குழாய்க்குள் எட்டிப் பார்க்கக் குனியும் நேரம்தான் மிகவும் மோசம். குனிந்தால் முகம் பயிருக்குள் போய்விடும். சில நாட்களில் குனியாமலே திரும்பி வந்து, "பாத்தனான், இன்னும் இறங்கேல்ல," என்று கணவனிடம் சொன்னாள்.

ஒரு காலையில் குழாய்க்கு மிக அருகில், வெடித்த சேற்றின் மேல் அது கிடந்தது. முதலில் காய்ந்த வைக்கோல் பிரி என்றுதான் எண்ணினாள். பிறகு முதுகில் வரிசையாக அந்த வட்டங்கள் தெரிந்தன. உடம்பு ஒரு முறை உப்பி இறங்கியது. சீறவில்லை. வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

அவளுக்குக் கத்த வரவில்லை. ஓடவும் வரவில்லை. பூட்ஸுக்குள் சிறுநீர் சூடாக இறங்குவதை உணர்ந்தாள். அசையாமல் நின்றாள். எவ்வளவு நேரம் என்று பிறகு அவளால் சொல்ல முடியவில்லை. வெயில் கழுத்தில் ஏறியது, பயிருக்குள் எங்கேயோ ஒரு தவளை கத்தி நின்றது, அதுதான் நினைவில் இருந்தது. கடைசியில் அது தலையைத் திருப்பி, அவசரமே இல்லாமல், பயிரின் தூர்களுக்குள் நுழைந்து மறைந்தது. மறைந்த பிறகுதான் அவளுக்கு உண்மையான பயம் வந்தது. கண்ணுக்குத் தெரிந்தபோது அது ஒரே இடத்தில் இருந்தது. இப்போது வயல் முழுக்க இருந்தது.

வரம்புக்கு எப்படி வந்து சேர்ந்தாள் என்று தெரியாது. வந்ததும் மண்வெட்டியை எடுத்து வக்கடையை அகலத் திறந்தாள். வாய்க்காலில் அன்று தண்ணீர் முறை அவளுடையதுதான். வயல் நிறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த முறைக்கும் திறந்தாள். அதற்கடுத்த முறைக்கும். தண்ணீர் எப்போதும் கணுக்காலுக்கு மேல் நின்றது. குழாய்ப் பக்கம் போகவே இல்லை. குலசிங்கம் கேட்டபோது, "எல்லாம் மிஸ் சொன்ன மாதிரித்தான்," என்றாள். றிஷானா பயிற்சி வகுப்பு ஒன்றுக்காக வெளியூர் போயிருந்தாள்.

சில கிழமைகளில் வயலிலிருந்து கூழ்முட்டை மணம் வரத் தொடங்கியது. பயிரின் நுனி மஞ்சளித்தது. வரம்பில் நின்று பார்த்தால் தண்ணீருக்கு மேல் குமிழிகள் வந்து வந்து உடைந்தன. வளர்ச்சி நின்றுபோனது. பசளை இல்லாத அந்தப் போகத்தின் நிறம் திரும்பி வருவதை அவள் கண்டாள். கூடக் கொஞ்சம் யூரியா வீசினாள். நிறம் திரும்பவில்லை.

ஸஹாப்தீன் வரம்பால் வந்து மூக்கைச் சுளித்தார்.

"என்ன தங்கச்சி, வயலக் குளமாக்கிட்டீங்க? உள்ளுக்க எல்லாம் அவியுதே."

"பாம்பு கண்டனான், ஸஹாப்தீன் நானா."

 அவளுடைய பழைய கதை அவருக்கும் தெரியும். "நான் வேணுமெண்டா வந்து வக்கடைய வெட்டி விடட்டா?" என்றார்.

"வெட்டி விடுறது பெரிய வேலையில்ல. வெட்டின பிறகு இறங்கிறது ஆர்?"

மறுநாள் றிஷானா வந்தாள். இம்முறை கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் பெட்டியும் ஊசிக் குழல்களும் கொண்டு வந்திருந்தாள். பெட்டியைப் பயிருக்கு மேலால் கவிழ்த்து உள்ளே சேரும் காற்றை ஊசியால் இழுத்து ஆய்வுக்கு அனுப்புவார்கள். வயலைக் கண்டதும் பெட்டியைக் கீழே வைத்தாள். ஒரு செடியைப் பிடுங்கித் தண்ணீரில் அலசினாள். வேர் கறுத்து, பிடித்த இடத்தில் கழன்று வந்தது.

"இதுக்கு முதல்லயே சொல்லியிருக்கலாமே, அக்கா."

"சொன்னனான். நீங்கள் சிரிச்சனீங்கள்."

றிஷானா வேரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். முகம் சிவந்தது. "ஓம், சிரிச்சன்," என்றாள் மெதுவாக. "எனக்கு விளங்கல. இப்பவும் முழுக்க விளங்கும் எண்டு சொல்ல ஏலாது. ஆனா இந்தத் தண்ணி இப்பிடியே நிண்டா பயிர் போகும். இப்ப வடிய விட்டா தப்பும் எண்டுதான் நினைக்கிறன்."

"நீங்கள் இறங்குவீங்களா?"

"பூட்ஸ் இருந்தா இறங்குறன்."

சுலோஜனா வீட்டுக்குப் போய் குலசிங்கத்தின் பூட்ஸைக் கொண்டு வந்து, தலைகீழாகப் பிடித்து உதறி, தட்டிப் பார்த்துக் கொடுத்தாள். அது றிஷானாவின் காலுக்குப் பெரிதாக இருந்தது. வடிவாய்க்காலுக்குப் போகும் தாழ்ந்த பக்கம் நடுவயலைத் தாண்டித்தான் இருந்தது. முன்னால் சுலோஜனா தடியைத் தட்டிக்கொண்டு நடந்தாள். பின்னால் மற்றவள் மண்வெட்டியோடு. நடுவழியில் சுலோஜனா நின்றுவிட்டாள்.  தண்ணீருக்குள் ஏதோ பூட்ஸில் உரசியது. அது வைக்கோலாக இருக்கலாம், மீனாக இருக்கலாம்.

"அக்கா?" பின்னாலிருந்த குரலும் நடுங்கியது. அந்த நடுக்கத்தைக் கேட்டதும்தான் சுலோஜனாவுக்கு அடுத்த அடி வைக்க முடிந்தது. பயப்படாத ஒருத்தி பின்னால் நின்றிருந்தால் திரும்பியிருப்பேன் என்று பிறகு கணவனிடம் சொன்னாள்.

வரம்பை வெட்டினார்கள். கறுத்த தண்ணீர் நாற்றத்தோடு வடிந்தது. வெட்டிய இடத்தில் ஒரு தண்ணீர்ப்பாம்பு நழுவி ஓடியது. விஷமில்லாதது என்று இருவருக்கும் தெரிந்திருந்தும் இருவரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

வயல் காய்ந்தது, வெடித்தது. புதிய வேர் வெள்ளையாக இறங்கியது. ஒரு மூலையில் பயிர் மீளவே இல்லை. அந்த மூலை பதராகத்தான் போனது. மற்ற இடங்கள் பச்சை பிடித்தன. சுலோஜனா அன்றிலிருந்து குழாயடிக்குத் தனியே போகவில்லை. குலசிங்கம் வேலைக்குப் போக முன் அவளோடு வயலுக்கு வரத் தொடங்கினான். அவன் வராத நாட்களில் ஸஹாப்தீன் வரம்பில் நின்று சத்தமாகக் கதை கொடுத்துக்கொண்டிருப்பார், கடை வியாபாரம், பாலத்தடி மீன் விலை என்று. அவள் பதில் சொல்லிக்கொண்டே குனிந்து பார்ப்பாள். பயம் குறையவில்லை. பழகியும் போகவில்லை. அதோடு நடந்தாள், அவ்வளவுதான்.

ஆவணியில் விளைச்சல் பெரிதாக ஒன்றும் கூடவில்லை. ஆனால் பசளை முன்னையதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் போட்டிருந்தாள். வடிய விட்ட பிறகு பெட்டியில் பிடித்த காற்றில் அந்த வாயு குறைவாகவே இருந்ததாக றிஷானா வந்து சொன்னாள். தண்ணீர் நின்ற கிழமைகளில் எவ்வளவு போயிருக்கும் என்று அளக்கவில்லை. "அத நான் எழுதுவன், அக்கா. உங்கட பேர் போடாம," என்றாள். "போட்டா என்ன," என்றாள் சுலோஜனா. "பயந்தனான் எண்டும் எழுதுங்கோ. மற்றப் பொம்பிளைகளும் பயப்பிடுவினம்."

அடுத்த மழைக்காலத்துக்கு உழுதபோது மெஷின்காரன் முறைப்படவில்லை. புரண்ட மண் கறுத்து, கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிர்ந்தது. மண்புழுக்கள் நெளிந்தன. அவற்றைக் கொத்த கொக்குகள் வந்து இறங்கின. தர்சிகா ஃபோனில் படம் எடுத்தாள். சுலோஜனாவும் பார்த்துக்கொண்டு நின்றாள், சந்தோசமாகத்தான் இருந்தது. மழை பிடித்த பிறகு தவளைகள் கத்தத் தொடங்கின. அவள் கலியாணம் முடித்து வந்த புதிதில் கேட்டதற்குப் பிறகு இந்த வயலில் இவ்வளவு தவளைச் சத்தம் கேட்டதில்லை. பின்னேரம் வாசலில் நின்று கேட்டவள் பிறகு கதவைச் சாத்தினாள். தவளை இருக்கும் இடத்துக்கு எது வரும் என்று அவளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. மண் நன்றாக வரவர அதுவும் வரும். அதை றிஷானாவிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. "ஓம் அக்கா, வரும்," என்றாள்.

பெரும்போகம் வெட்டி முடிந்தது. சுற்றியுள்ள வயல்களில் இரண்டொன்றைத் தவிர மற்றவை கொளுத்தப்பட்டன. அன்று காற்று இருந்தது. புகை கடல் பக்கம் போனது. சுலோஜனாவும் குலசிங்கமும் கொழுக்கித் தடிகளோடு இறங்கினார்கள். மூன்றாவது வரிசையில் அவள் இழுத்த வைக்கோலோடு வெள்ளையாக, நீளமாக, காற்றில் ஆடும் ஒன்று வந்தது. பாம்பு கழற்றிய சட்டை. செதில்களின் வட்டங்கள் அதிலும் தெரிந்தன. இன்னும் ஈரமாக இருந்தது.

"இஞ்ச வாங்கோப்பா," என்றாள். 

குலசிங்கம் வந்து பார்த்தான். "இண்டைக்கு விடுவமா? நாளைக்குப் பாப்பம்."

அவள் சுற்றிவரப் பார்த்தாள். பக்கத்து வயலில் நெருப்பு நன்றாகப் பிடித்து எரிந்துகொண்டிருந்தது. ஒரு தீக்குச்சி போதும். அவள் தடியால் அந்தச் சட்டையை எடுத்து வரம்பில் போட்டாள்.

"நாளைக்கும் அது இஞ்சதான் இருக்கும்," என்றாள். "நீங்கள் எனக்குக் கிட்டவா நில்லுங்கோ."

தடியை நீட்டி அடுத்த குவியலை இழுத்தாள். அதற்கடுத்ததையும் இழுத்தாள்.